முப்பது மில்லி பாட்டில்



மனிதர்களுக்கு வைத்தியம் பார்க்காத ஒருவரை மருத்துவ மாணவர்களுக்கான இந்த மேடைக்கு அழைப்பது இதுவே முதல் முறை என்று அழைப்புக் கடிதத்தில் எழுதியிருந்தார்கள். எனக்கு அதில் வருத்தமில்லை. கல்யாண வீடுகளில் என்னை "டாக்டர்" என்றுதான் அறிமுகப்படுத்துவார்கள். கேட்டவர் முகம் மலர்ந்து தன் முழங்கால் வலியைச் சொல்லத் தொடங்குவார். உடனே அறிமுகப்படுத்தியவர் குரலைத் தாழ்த்தி, "மாட்டு டாக்டர்" என்று திருத்துவார். முப்பது வருடமாக இந்தத் திருத்தத்தைக் கேட்டுப் பழகியவன் நான். இன்று பேச்சை அந்த முழங்கால் வலியிலிருந்தே தொடங்குகிறேன். அந்த வலிக்கு அவர் விழுங்கிய மாத்திரையும் மாட்டுக்கு நான் போட்ட ஊசியும் ஒரே மருந்து.

இதோ மேசையில் இருக்கும் காலிப் பாட்டிலைப் பாருங்கள். ரப்பர் மூடி, அலுமினிய வளையம், 30 மில்லி. லேபிள் பாதி உரிந்துவிட்டது. மருந்து டைக்ளோஃபினாக். 1970களில் சுவிட்சர்லாந்திலிருந்து மனிதர்களின் மூட்டு வலிக்காக வந்தது. இந்த அரங்கில் அதை ஒரு முறையாவது உட்கொள்ளாதவர்கள் மிகச் சிலரே இருப்பார்கள். பெரிய ஆள் ஒருவருக்கு ஒரு வேளை ஊசி என்பது 75 மில்லிகிராம், அதாவது 3 மில்லி. அந்தக் கணக்கில் இந்தப் பாட்டில் பத்து பேருக்கு வரும். மாட்டுக்கு அதன் எடையைப் பொறுத்து ஒரு வேளைக்கே 15, 20 மில்லி வேண்டும். பத்து நோயாளிகளுக்கு ஒரே பாட்டிலில் ஊசி குத்தி எடுக்கும் மருத்துவமனைகள் எத்தனை என்று நீங்களே சொல்லுங்கள். இது யாருடைய அளவுக்குத் தைத்த சட்டை என்று தையற்காரருக்குத் தெரியும்.

1990களில் இந்த மருந்தின் விலை இறங்கி, மாட்டுக்கென்றும் கடைகளுக்கு வந்தது. அப்போது நான் நீலகிரியின் வடக்குச் சரிவுக்குக் கீழே, சீகூர்ப் பகுதியில், ஒரு கால்நடை மருந்தகத்தில் இருந்தேன். ஒரு மழைக்கால மாலையில் பெரியவர் ஒருவர் வந்து கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், கிழட்டு எருது கொட்டகைச் சேற்றில் படுத்துக் கிடக்கிறது. முன்னங்கால் மூட்டு தேங்காய் அளவுக்கு வீங்கியிருந்தது. "எங்கப்பா வாங்கினதுங்க சார். உழவெல்லாம் வேண்டாம், எழுந்து நின்னாப் போதும்" என்றார். கழுத்துச் சதையில் ஊசியைப் போட்டுவிட்டு வந்தேன். மறுநாள் காலையில் எருது தானாகத் தொட்டிக்கு நடந்து போயிருக்கிறது. நான் பார்த்தபோது நின்றபடி அசை போட்டுக்கொண்டிருந்தது. வலியில் இருக்கும் மாடு அசை போடாது. வலி விட்டதை எங்களுக்கு முதலில் சொல்வது தாடைதான். பெரியவர் ஒரு பை நிறைய அவரைக்காயைச் சைக்கிளில் மாட்டிவிட்டுப் போனார். நல்ல மருந்து என்று நான் முடிவு கட்டினேன். எல்லாரும் அப்படித்தான் முடிவு கட்டினார்கள்.

எருது அதற்குப் பிறகு ஓராண்டு இருந்தது. மாட்டின் உடம்பிலிருந்து அந்த மருந்து ஒரு வாரத்துக்குள் போய்விடும். ஆகவே அன்று நான் போட்ட ஊசி யாரையும் கொல்லவில்லை என்று இன்று என்னால் சொல்ல முடிகிறது. அதில் என் சாமர்த்தியம் எதுவும் இல்லை. இரண்டாம் நாளே அது செத்துக் காட்டோரத்தில் கிடந்திருந்தால் கதை வேறு.

வடக்கே அந்த வேறு கதைதான் நடந்தது. ராஜஸ்தானில் பரத்பூர்ப் பறவைகள் சரணாலயத்தில், பம்பாய் இயற்கை வரலாற்றுச் சங்கத்தின் விபு பிரகாஷ் 1990களின் பிற்பகுதியில் ஒன்றைக் கவனித்தார். மரத்துக்கு மரம் கூடு கட்டியிருந்த கழுகுகள் தலையைத் தொங்கப் போட்டபடி உட்கார்ந்திருக்கின்றன. பிறகு கீழே விழுந்து சாகின்றன. பிணந்தின்னிக் கழுகு என்று நாம் அருவருப்போடு சொல்லும் இந்தப் பறவைக்குப் பாறு என்ற அழகான பழைய பெயர் உண்டு. நான் அந்தப் பெயரையே சொல்கிறேன். 1992இல் இருந்த வெண்முதுகுப் பாறுகளில் 2007இல் ஆயிரத்தில் ஒன்றுதான் மிஞ்சியிருந்தது. இப்படியொரு வீழ்ச்சியைப் பறவையியல் அதற்கு முன் அதிகம் கண்டதில்லை.

முதலில் எல்லாரும் தொற்று நோய் என்றுதான் நினைத்தார்கள். வைரஸைத் தேடினார்கள். பூச்சிக்கொல்லி, ஈயம், பாதரசம் எல்லாம் தேடினார்கள். எதுவும் சிக்கவில்லை. பாகிஸ்தானின் பஞ்சாபில் செத்த பாறுகளை அறுத்துப் பார்த்த குழுவுக்கு லிண்ட்சே ஓக்ஸ் தலைமை தாங்கினார். அமெரிக்கர், படிப்பால் கால்நடை மருத்துவர். பறவைகளின் ஈரலிலும் இதயத்திலும் சுண்ணாம்பு பூசினாற்போல் யூரிக் அமிலம் படிந்திருந்தது. சிறுநீரகம் செயலிழந்திருக்கிறது என்று அதற்குப் பொருள். இதற்குப் பிறகு அவர்கள் செய்ததைத்தான் மாணவர்கள் கவனிக்க வேண்டும். ஆய்வகத்தை விட்டு வெளியே வந்து, ஊர்க் கால்நடை மருத்துவர்களிடமும் மருந்துக் கடைக்காரர்களிடமும் போனார்கள். சிறுநீரகத்தைக் கெடுக்கக்கூடிய, வாய்வழியாகப் போனாலும் உடம்பில் சேரக்கூடிய, சமீபத்தில் மாட்டுக்குப் புதிதாக வந்த மருந்து எது என்று கேட்டார்கள். கடை அலமாரியிலிருந்து பதில் கிடைத்தது. திரும்பிப் போய்ச் சோதித்தபோது, யூரிக் அமிலம் படிந்து செத்த 25 பறவைகளின் சிறுநீரகத்திலும் டைக்ளோஃபினாக் இருந்தது. வேறு காரணத்தால் செத்த 13 பறவைகளில் ஒன்றில்கூட இல்லை. 2004இல் நேச்சர் இதழில் கட்டுரை வந்தது.

இந்த எண்களை விட என்னை உலுக்கியது அதே ஆண்டு வந்த இன்னொரு கணக்கு. பாறுகளை இந்த வேகத்தில் அழிக்க, வெளியில் கிடக்கும் மாட்டுப் பிணங்களில் நூற்றுக்கு ஒன்றில்கூட மருந்து இருக்க வேண்டியதில்லை, அதற்கும் குறைவாக இருந்தாலே போதும். பாறு தனியாகச் சாப்பிடும் பறவை இல்லை. ஒரு பிணத்தில் ஐம்பது, அறுபது என்று இறங்கும். ஒரு மாட்டை ஒரு மணி நேரத்துக்குள் எலும்பாக்கிவிடும். ஆண்டுக்கு ஒரே முட்டை, அதுவும் ஐந்து வயதுக்கு மேல்தான். பந்தியில் ஒரே ஒரு இலையில் விஷம் இருந்தால் ஓர் ஆள் சாவார். இங்கே பந்தி முழுவதற்கும் ஒரே இலை.

பறவை செத்தால் மனித மருத்துவருக்கு என்ன? இந்தக் கேள்வியை ஒரு கருத்தரங்கில் என்னிடமே கேட்டார்கள். மாட்டை வெட்டாத ஊர்களில், செத்த மாட்டின் தோலை உரித்துக்கொண்டு உடலை ஊருக்கு வெளியே போட்டுவிடுவது வழக்கம். அங்கே பாறுதான் துப்புரவுப் பணியாளர், அதுவும் சம்பளமில்லாமல். அதன் வயிற்று அமிலம் கடுமையானது. பல கிருமிகள் அதற்குள் பிழைப்பதில்லை. பாறு போன பிறகு இறைச்சி அப்படியே கிடந்து அழுகியது, நாய்கள் வந்தன. தீனி பெருகினால் நாய் பெருகும். நாயின் வயிற்றில் அந்த அமிலம் இல்லை, எச்சிலில் வெறிநோய் வேறு இருக்கலாம்.

2024இல் அமெரிக்கப் பொருளாதார ஆய்விதழ் ஒன்றில் ஏயல் ஃபிராங்கும் அனந்த் சுதர்சனும் எழுதிய கட்டுரை வந்தது. முன்பு பாறுகள் மிகுந்திருந்த மாவட்டங்களையும் என்றுமே அதிகம் இல்லாத மாவட்டங்களையும் ஒப்பிட்டார்கள். பறவை அழிந்த பிறகு முதல் வகை மாவட்டங்களில் மனித இறப்பு விகிதம் நூற்றுக்கு நான்குக்கு மேல் கூடியிருந்தது. 2000 முதல் 2005 வரை சுமார் ஐந்து லட்சம் கூடுதல் சாவுகள் என்பது அவர்கள் மதிப்பீடு. மதிப்பீடுதான், பிணக்கூறாய்வு அறிக்கை இல்லை. நாய்க்கடி, கெட்ட தண்ணீர், அழுகல் எல்லாம் அதில் கலந்திருக்கின்றன. பாதியாகக் குறைத்து எடுத்துக்கொண்டாலும் வலி ஊசி ஒன்றின் பக்க விளைவுக்கு அது பெரிய எண். அந்தப் பக்க விளைவு ஊசி போட்ட உடம்பில் வரவில்லை என்பதால் எந்த மருந்துக் கையேட்டிலும் அதற்கு இடமில்லை.

தமிழ்நாட்டுக்காரனாக ஒரு நேர்மையான இடைக்குறிப்பு சொல்ல வேண்டும். இந்தக் கதையின் பெரும்பகுதி வடக்கே நடந்தது. நம் பக்கம் மாட்டைப் பிணமாகும் வரை வைத்திருப்பது குறைவு, சந்தைக்குப் போய்விடும். நம்மிடம் மிஞ்சியிருக்கும் பாறுகள் மாயாற்றுப் பள்ளத்தாக்கிலும் அதைச் சுற்றியும்தான். ஆற்றோர நீர்மருது மரங்களில் வெண்முதுகுப் பாறு கூடு கட்டும். திருக்கழுக்குன்றத்தில் உச்சிப் பொழுதில் வந்து பட்டர் கையால் சோறு தின்ற கழுகுகளை என் அம்மா பார்த்திருக்கிறார், நானும் சிறுவனாகப் பார்த்தேன். அவை மஞ்சள்முகப் பாறுகள். அவை வருவது நின்று ஒரு தலைமுறை ஆகிறது. ஊசிதான் காரணம் என்று சொல்ல என்னிடம் ஆதாரம் இல்லை, ஆகவே சொல்லவில்லை. இன்னொன்று, வைத்தியம் படிப்பவர்களுக்காக. வைத்தீசுவரன் கோயிலின் பழைய பெயர் புள்ளிருக்குவேளூர். அங்கே வழிபட்டவர்களின் பெயர்களால் ஊர்ப் பெயர் அமைந்தது என்பது தலபுராணம். முதலில் நிற்கும் 'புள்' சடாயு. மருந்துக்குக் கடவுளான ஒருவரின் ஊர்ப் பெயரின் முதல் சொல்லே ஒரு பாறு. அதை அர்ச்சனைச் சீட்டு வாங்கும் வரிசையில் நின்றுகொண்டு ஒரு நாள் யோசித்தேன்.

நாய்க்கடிக்கு வருகிறேன், ஏனென்றால் இரண்டு மருத்துவங்களின் கணக்கும் அங்கேதான் முட்டிக்கொள்கிறது. என் வயதுக்காரர்களுக்குத் தொப்புளைச் சுற்றிப் போட்ட பதினான்கு ஊசி நினைவிருக்கும். அந்தத் தடுப்பு மருந்து ஆட்டு மூளையில் வளர்த்தது. வடக்கே கசௌலியில் டேவிட் செம்பிள் 1911இல் உருவாக்கிய முறை. குன்னூர் பாஸ்டர் நிலையத்தில் பல பத்தாண்டுகள் இதைத் தயாரித்தார்கள். 1907இல் அந்த நிலையம் வந்ததே, ஓர் ஆங்கிலேயப் பெண் வெறிநாய் கடித்து இறந்த துயரத்துக்குப் பிறகுதான். அப்போது இந்தியாவில் சிகிச்சை கசௌலியில் மட்டும் இருந்தது, தெற்கிலிருந்து அவ்வளவு தூரம் போய்ச் சேருவதற்குள் காரியம் முடிந்துவிடும். ஆட்டு மூளைத் தடுப்பூசி எத்தனையோ பேரைக் காப்பாற்றியது, சிலருக்கு நரம்புச் செயலிழப்பும் தந்தது. 2004 இறுதியில்தான் இந்தியா அதைக் கைவிட்டது. இன்றும் ஆழமான கடிக்குக் காயத்தைச் சுற்றிப் போடும் சீரம் பல இடங்களில் குதிரையின் ரத்தத்திலிருந்து எடுப்பது. ஆட்டையும் குதிரையையும் கேட்டால், மனித மருத்துவத்தில் தங்களுக்கும் பங்கு உண்டு என்று சொல்லும்.

ஆனால் ஒன்றை நாம் நேராகப் பார்ப்பதில்லை. கடிபட்டவருக்குப் போடும் ஊசி அந்த ஆளைக் காப்பாற்றும். தெருவில் திரியும் வைரஸை அது தொடாது. ஒரு ஊரில் நூறு பேருக்கு ஊசி போட்டாலும் அடுத்த மாதம் நூற்றியோராவது ஆள் வருவார். உலகில் மனிதருக்கு வரும் வெறிநோயில் நூற்றுக்கு 99 நாய் வழியாக வருவது. ஊர் நாய்களில் நூற்றுக்கு 70க்குத் தொடர்ந்து தடுப்பூசி போட்டால் வைரஸுக்குப் போக இடமில்லாமல் போகும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கு. நோயாளி ஆஸ்பத்திரியில் இருக்கிறார், நோய் தெருவில் இருக்கிறது. ஆஸ்பத்திரிக்கு ஒரு துறை, தெருநாய்க்கு உள்ளாட்சி, வீட்டு நாய்க்கு எங்கள் துறை. மூன்று கோப்பும் ஒரே மேசைக்கு வருவது கலெக்டர் அலுவலகக் கூட்டத்தில் மட்டும்தான், அதுவும் குழந்தை ஒன்று செத்த மறுநாள்.

இப்போது பாட்டிலுக்குத் திரும்புவோம். 2006இல் கால்நடைக்கு டைக்ளோஃபினாக் தயாரிப்பதை இந்தியா தடை செய்தது. அதற்குள் மாற்று மருந்தும் தெரிந்துவிட்டது. மெலாக்சிகாம், பாறுக்குத் தீங்கில்லாதது. கதை அங்கே முடிந்திருக்க வேண்டும். முடியவில்லை. மாட்டு மருந்து அலமாரியிலிருந்து மறைந்த பாட்டில், மனித மருந்து அலமாரியில் அதே 30 மில்லியாக நின்றது. கால்நடைக்குப் பயன்படுத்தக் கூடாது என்று லேபிளில் அச்சிட வேண்டும் என்றார்கள். அச்சிட்டார்கள், ஆங்கிலத்தில், கடுகளவு எழுத்தில். அந்தக் காலத்தில் நான் மாற்றலாகிப் போன ஊரில், பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு மருந்துக் கடை. மாலையில் பால் ஊற்றிவிட்டு வரும் ஒருவர் கேனைக் கீழே வைத்து, "அண்ணே, மாட்டுக்கு ஒரு வலி ஊசி" என்பார். கடைக்காரர் திரும்பாமலே கையை நீட்டி எடுப்பார். சீட்டும் இல்லை, மாட்டுக்கு என்ன நோய் என்ற கேள்வியும் இல்லை. ஒரு நாள் நான் பக்கத்தில் நின்று என் ரத்த அழுத்த மாத்திரை வாங்கிக்கொண்டிருந்தேன். லேபிளைக் காட்டினேன். "சார், இது மனுஷனுக்கே போடுற மருந்து, மாட்டுக்கு ஆகாதா?" என்றார் பால்காரர். அவர் கேட்டதில் தர்க்கப் பிழை ஒன்றுமில்லை. மனிதனுக்கு ஆவது மாட்டுக்கு ஆகும்தான். மாட்டைத் தின்னும் பறவையை யாரும் நினைக்கவில்லை, அவ்வளவுதான்.

கடைசியில் 2015இல் வந்த உத்தரவு மனித மருந்தின் மேல் கை வைத்தது. மனிதருக்கான டைக்ளோஃபினாக் ஊசி இனி ஒரு வேளைக்குரிய 3 மில்லி அளவில் மட்டுமே வர வேண்டும் என்றது. மாட்டுக்குப் போட வேண்டுமானால் ஐந்தாறு ஆம்பூல் உடைக்க வேண்டும். விரலும் வெட்டும், செலவும் கட்டாது. தயாரிப்பாளர்கள் சிலர் வழக்குப் போட்டார்கள். சென்னை உயர் நீதிமன்றம் 2017இல் உத்தரவை உறுதி செய்தது. என் தொழில் வாழ்க்கையில் நான் பார்த்த மிகப் புத்திசாலித்தனமான பொது சுகாதார நடவடிக்கை இது. பிரசங்கம் இல்லை, போஸ்டர் இல்லை, பாட்டிலின் வாயைச் சுருக்கினார்கள்.

ஆனாலும் மருந்து விடவில்லை. அசிக்லோஃபினாக் என்று ஒன்று வந்தது. பெயர் வேறு, மாட்டின் உடம்புக்குள் போனதும் டைக்ளோஃபினாக்காக மாறிவிடும். சட்டையை மாற்றிக்கொண்டு அதே ஆள். கீட்டோபுரோஃபெனும் பாறுகளைக் கொல்லும் என்று தெரிந்தது. 2023இல் இரண்டையும் கால்நடைக்குத் தடை செய்தார்கள். பிறகு நிமிசுலைடும் அந்தப் பட்டியலில் சேர்ந்தது. ஒவ்வொரு முறையும் பறவை செத்த பிறகுதான் நமக்குத் தெரிகிறது. கால்நடைக்கு ஒரு புது வலி மருந்தை அனுமதிக்கும் முன் பாறுக்கு ஆகுமா என்று சோதிக்க வேண்டும் என்று நாங்கள் வெகுநாளாகக் கேட்டுவருகிறோம். மாட்டுக்கும் மனிதனுக்கும் மட்டும் சோதித்தால் போதும் என்று நினைப்பவர்களோடு எனக்குச் சண்டை உண்டு.

மருந்து எதிர்த்திசையிலும் நடக்கும், விலங்கிலிருந்து மனிதனை நோக்கி. கோலிஸ்டின் என்ற மருந்தைத் தீவிர சிகிச்சைப் பிரிவு மருத்துவர்கள் அறிவார்கள். வேறு எதுவும் கேட்காத கிருமிக்குக் கடைசியாக எடுக்கும் ஆயுதம். அதே மருந்தைக் கோழித் தீவனத்தில் கலந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள், நோய்க்குக்கூட இல்லை, கோழி எடை போட. 2015இல் சீனாவில் பன்றிகளிடம் ஒரு மரபணுவைக் கண்டுபிடித்தார்கள். கோலிஸ்டினுக்குக் கட்டுப்படாத அந்தத் தன்மையை ஒரு கிருமி இன்னொரு கிருமிக்குக் கைமாற்றித் தரக்கூடியது. 2019இல் இந்தியா உணவுக்கான விலங்குகளுக்கும் கோழிகளுக்கும் கோலிஸ்டினைத் தடை செய்தது. இதே கவலையால்தான், மடிநோய்க்கு ஊசி போட்ட மாட்டின் பாலை எத்தனை நாள் ஊற்றக் கூடாது என்று நாங்கள் சொல்வோம். ஒரு மாடே பிழைப்பான வீட்டில் அந்தப் பாலைக் கீழே கொட்டு என்று சொல்லும்போது நம் முகத்தை அவர்கள் பார்க்கும் பார்வை இருக்கிறதே, அதைப் பாடத்திட்டத்தில் சேர்க்க முடியாது.

இப்போது இதற்கெல்லாம் 'ஒரே சுகாதாரம்' என்று பெயர் வைத்திருக்கிறார்கள். குழுக்கள் உண்டு, சின்னம் உண்டு, மனிதர், விலங்கு, சூழல் என்று மூன்று வட்டங்கள் ஒன்றையொன்று வெட்டிக்கொள்ளும். எனக்கு அந்த வட்டங்கள் மேல் கோபமில்லை. ஆனால் நான் பார்த்த இடமெல்லாம் மாட்டு மருத்துவமும் மனித மருத்துவமும் வெட்டிக்கொண்டது மருந்துக் கடையின் கண்ணாடி மேசையில்தான். அங்கே எங்கள் துறை ஆளும் இல்லை, உங்கள் துறை ஆளும் இல்லை. இருப்பவர் கடைக்காரர் ஒருவர், சில நேரம் அவருடைய மைத்துனர்.

போன மாதம் அந்தப் பேருந்து நிலையக் கடைக்கு மறுபடி போனேன். ஓய்வு பெற்றுவிட்டதால் நேரம் இருக்கிறது. கடையைப் பழையவரின் மகன் நடத்துகிறார், முறையாக பார்மசி படித்தவர். 30 மில்லி பாட்டில் இருக்கிறதா என்று கேட்டேன். "அது இப்ப வர்றதில்லீங்களே சார்" என்றார். இந்தக் காலிப் பாட்டில் அவர் அப்பா ஸ்குரூ போட்டு வைத்திருந்தது, அங்கேதான் வாங்கி வந்தேன். மாட்டுக்கு வலி மருந்து கேட்டால் எதைக் கொடுக்கிறீர்கள் என்றேன். சீட்டு கொண்டு வரச் சொல்வதாகச் சொன்னார். பிறகு கொஞ்சம் தயங்கி, "ஆனா எது ஆகும், எது ஆகாதுன்னு எங்களுக்கு யாரும் தமிழ்ல எழுதிக் கொடுத்ததில்லைங்க" என்றார்.

மேசை மேல் கிடந்த பழைய காலண்டர் தாளின் பின்பக்கத்தில் எழுதினேன். கொடுக்கக் கூடாதவை ஒரு பக்கம், மெலாக்சிகாம் ஒரு பக்கம், கீழே கால்நடை மருந்தகத்தின் தொலைபேசி எண். அவர் அதை வாங்கி இரண்டு முறை படித்துவிட்டு, கண்ணாடி அலமாரியில் நாய்க்கடித் தடுப்பூசியின் விலைப் பட்டியலுக்குப் பக்கத்தில் செல்லோடேப் போட்டு ஒட்டினார். ஒரு மூலை ஒட்டாமல் மின்விசிறிக் காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. இன்னொரு துண்டு கிழித்து அதையும் ஒட்டினார்.